வீட்டிலேயே அம்பாசடர் வேலை: எந்த ஸ்பேனர், எந்த ஸ்டாண்ட் வாங்கலாம்?

திருச்சி_மார்க்3:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த 1977 மாடல் அம்பாசடர் மார்க் 3 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது. போன மாதம் டேங்கைக் கழுவி, புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். இத்தனை வருஷம் வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, பட்டறையை மூடிவிட்டார். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை.

ஆயில் மாற்றுவது, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு) செட் பண்ணுவது, கிரீஸ் அடிப்பது, பிரேக் ஷூ பார்ப்பது, இவ்வளவையும் நானே செய்து பழக வேண்டும். 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 108 பீஸ் சாக்கெட் பெட்டி ஒன்று பார்த்தேன், அதையே வாங்கிவிடலாமா? வீட்டில் இருந்த 13 ஸ்பேனரைப் போட்டு நேற்று ஒரு போல்ட்டைத் திருகினேன், முனை மழுங்கி வழுக்கிவிட்டது. அதிலிருந்து கை வைக்கவே பயமாக இருக்கிறது. பாதுகாப்புக்குக் கையுறை போதுமா, வேறு என்ன வேண்டும்?

லேத்பட்டறை_கோவை:

தம்பி, அந்தப் பெட்டி வேண்டாம். அது முழுக்க மில்லிமீட்டர் கணக்கு, உங்கள் வண்டி இஞ்ச் கணக்கு. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 தான், உள்ளே இருக்கிற 1489 சிசி இன்ஜினும் பி.எம்.சி. என்கிற பிரிட்டிஷ் கம்பெனியின் இன்ஜின்தான். அதனால் கடையில் ஏ.எஃப். (போல்ட் தலையின் எதிரெதிர் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை இஞ்ச்சில் சொல்லும் அளவு) ஸ்பேனர் செட் என்று கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் 13 போட்ட போல்ட் அநேகமாக அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. மிச்சம் இருந்த அந்த 0.3 தான் முனையைத் தின்றுவிட்டது. 7/16 என்பது 11.1, அதில் 11 ஏறாது, 12 சும்மா சுற்றும். 9/16 என்பது 14.3, அதில் 14 நுழையாது, 15 ஆடும். 3/4-க்கு 19 சரியாக உட்காரும், 5/8-க்கு 16 போடலாம். மற்றதில் எல்லாம் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

7/16, 1/2, 9/16, 5/8, 3/4, இந்த ஐந்தும் ரிங் ஸ்பேனராக ஒரு செட், அதே அளவுகளில் சாக்கெட் ஒரு செட் வாங்கினால் நீங்கள் சொன்ன வேலைகளில் முக்கால்வாசி முடிந்துவிடும். சாக்கெட் ஆறு முனையாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் பழைய, துருப்பிடித்த தலையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தாப்பாரியா மாதிரி ஒரு தரமான கம்பெனி போதும், வெளிநாட்டு ஸ்பேனர் தேவையில்லை. பிளக்குக்கு 13/16 சாக்கெட் தனியாக வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று கட்டாயம், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட்டுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. அப்புறம் ஒரு கிரீஸ் கன். கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள், இல்லாவிட்டால் மேலே படிந்த மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கவனமாகப் படியுங்கள். இத்தனை வருஷத்தில் உங்கள் வண்டி எத்தனை பட்டறை பார்த்ததோ, நடுவில் மில்லிமீட்டர் போல்ட்டும் கலந்திருக்கும். 5/16 யு.என்.எஃப். (இஞ்ச் கணக்கு நெருக்க மரை) போல்ட்டையும் எம்8 (8 மி.மீ.) போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஒன்று 7.94, இன்னொன்று 8. ஆனால் மரை வேறு, முதலாவதில் ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ., இரண்டாவதில் 1.25. மாற்றிப் போட்டால் கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். சரியாகத்தான் இறுகுகிறது என்று நினைத்து ஸ்பேனர் போட்டீர்கள் என்றால் மரை போய்விடும், பிளாக்கில் போய்விட்டால் அப்புறம் லேத் வேலைதான். எந்த போல்ட்டும் கடைசிவரை விரலால் ஏற வேண்டும், ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

மழுங்கின போல்ட்டுக்கு இரவே டீசல் ஊற்றி ஊற விடுங்கள். காலையில் ஆறு முனை அரை இஞ்ச் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, நிதானமாகத் திருப்புங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

சேலம்_பத்மினி:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. (என் பிரீமியர் பத்மினி கார் ஃபியட் வழி வந்தது, முழுக்க மில்லிமீட்டர், அந்த 108 பீஸ் பெட்டி எனக்குத்தான் பொருந்தும்.) ஆனால் ஸ்பேனருக்கு முன்னால், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள். நண்பரே, இது என் சொந்த அனுபவம். ஆறு வருஷத்துக்கு முன்னால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, பக்கத்தில் இரண்டு ஹாலோ பிளாக் கல் வைத்து, சைலன்சர் கிளாம்ப் மாட்ட அடியில் படுத்தேன். ஸ்பேனர் எடுக்க வெளியே நகர்ந்த நேரம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு கல் சுக்குநூறாக நொறுங்கியது, ஜாக்கி சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்தது. நான் படுத்திருந்த சாக்கின் மேல் சைலன்சர் அழுந்திக் கிடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. சிமெண்டுக் கல் மரம் மாதிரி முனகாது, சட்டென்று உடையும்.

ட்ராலி ஜாக்கி 2 டன், ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி 3 டன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், அதன் ஆயில் சீல் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் மறுபடி வையுங்கள். கழற்றின சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் பக்கச் சட்டத்துக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டுப் படுங்கள். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள், அது பிடிப்பது பின்சக்கரத்தைத்தான், அதுவோ காற்றில் இருக்கிறது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும்.

அப்புறம் லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓடும் இன்ஜின் பக்கம் குனியாதீர்கள். இந்த வண்டிகளில் ஃபேன், இன்ஜின் ஓடும் வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். கையுறையும் அந்த இடத்தில் ஆபத்து, பெல்ட் பிடித்தால் விரலோடு இழுக்கும்.

ஹெரால்டு_மதுரை:

தம்பி, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை நானும் என் கணவரும் 19 வருஷமாகப் பார்த்துவருகிறோம். எங்களுடையதும் இஞ்ச்தான். பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் கழற்றினதும் உள்ளே சாம்பல் மாதிரி மெல்லிய பொடி படிந்திருக்கும். பட்டறைகளில் கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிடுவார்கள், சில பேர் வாயாலேயே ஊதுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, நோய் வருவதற்கே இருபது, முப்பது வருஷம் ஆகும், அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் எடுத்து டிரம்மைத் தூக்கும்போதே நனைத்துவிடுங்கள், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரத்தோடே பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். முகத்துக்குத் துணி மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது, பி100 (மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் ரகம்) ஃபில்டர் போட்ட ரப்பர் மாஸ்க் வாங்குங்கள். புது ஷூ வாங்கும்போதும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள், நம் நாட்டில் அது இன்னும் முழுதாகத் தடை செய்யப்படவில்லை.

கண்ணாடி அவசியம், பக்கவாட்டிலும் மூடியதாக. பிரேக் ஷூ ஸ்பிரிங் தெறித்து என் கணவரின் புருவத்தில் இரண்டு தையல், ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும். ஆயில் வேலைக்கு நைட்ரில் கையுறை, ஏனென்றால் பழைய இன்ஜின் ஆயில் நாள்பட்டால் தோல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பேட்டரியைத் தொடும் முன் மோதிரத்தைக் கழற்றி சட்டைப் பையில் போடுங்கள். எர்த் வயரை (பேட்டரியிலிருந்து பாடிக்குப் போவது) முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

நெருப்புக்கு 2 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கி ஷெட் வாசலில் மாட்டுங்கள். வண்டிக்குப் பின்னால் மாட்டினால் தீ பிடித்த நேரத்தில் எட்டாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். வயரில் தொங்கும் குண்டு பல்பு வேண்டாம், சார்ஜ் போடும் எல்இடி விளக்கு போதும்.

திருச்சி_மார்க்3:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, அந்தப் பொடியை அப்பா வாயால் ஊதி நான் பார்த்திருக்கிறேன், படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நேற்று ஸ்டாண்ட், ஜாக்கி, ஏ.எஃப். ரிங் செட், ஃபீலர் கேஜ், கண்ணாடி, மாஸ்க், தீயணைப்பு சிலிண்டர் வாங்கிவிட்டேன். சாக்கெட்டில் இப்போதைக்கு அரை இஞ்ச் ஒன்று மட்டும். அந்த போல்ட் இன்று காலை வந்துவிட்டது! பார்த்தால் அதன் கழுத்தில் மரை பாதி தேய்ந்திருக்கிறது, புதுசு போட வேண்டும். ஒரே ஒரு சந்தேகம், ஸ்டாண்டை எந்த இடத்தில் வைப்பது? பக்கவாட்டில் ஜாக்கி போடும் இடத்தைச் சுத்தியலால் தட்டினால் டொக்கு டொக்கு என்று மெத்தென்று கேட்கிறது.

லேத்பட்டறை_கோவை:

அந்த இடம் உள்ளே துரு தின்றுவிட்டது தம்பி, அங்கே வைக்கவே வைக்காதீர்கள். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே பாரம் தாங்குகிறது, அதனால் அந்தத் துருவை முதலில் வெல்டிங் ஆளிடம் காட்டுங்கள். அதுவரை பின்பக்க வேலை மட்டும் பாருங்கள். டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் உருண்டைப் பகுதி) அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஆக்ஸில் குழாயில், லீஃப் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டாண்டும் வரட்டும், பிரேக் பைப் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கடைக்குக் கையோடு கொண்டுபோய் நட்டில் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.