காசநோய்க் கிருமியின் ரெக்ஏ மட்டும் ஏன் இரண்டு மடங்கு நீளம்?

கோணல்ஜெல்:
டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் மூன்று வாரமாக ஒரே பட்டையை முறைத்துக்கொண்டிருக்கிறேன். டி.என்.ஏ. பழுதுபார்க்கும் ரெக்ஏ மரபணுவை மூன்று பாக்டீரியாக்களிலிருந்து குளோன் செய்து ஒப்பிடுவதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. ஈ.கோலையில் 1,060 கார இணைகள் அளவில் பட்டை வந்தது, சரி. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸிலும் ஏறக்குறைய அதே நீளம். காசநோய்க் கிருமியில் மட்டும் 2,400க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கிருமியை நாங்கள் வளர்க்கவில்லை, சுத்திகரித்த டி.என்.ஏ.வாகத்தான் வாங்கினோம். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்கள் மரபணுவின் தொடக்கத்திலும் முடிவிலும் உட்காருபவை. வெப்பநிலையை ஏற்றிப் பார்த்தேன், டி.என்.ஏ. இழைகள் எளிதில் பிரிய டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்தேன், பிரைமரைப் புதிதாகக் கரைத்தேன். பட்டை அசையவே இல்லை. கலப்படம் என்று சொல்லிவிட்டு எங்கள் சீனியர் டீ குடிக்கப் போய்விட்டார். இது முடிந்தால் அடுத்து மூன்றிலும் மட்எஸ் (டி.என்.ஏ. நகலெடுப்பில் வரும் பிழையைத் திருத்தும் மரபணு) எடுக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பெட்ரிமூடி:
டி.என்.ஏ. சேர்க்காத குழாயிலும் அதே பட்டை வருகிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

கோணல்ஜெல்:
இல்லை ஐயா, அந்தக் குழி காலியாகத்தான் இருக்கிறது.

இரவுப்பணி:
அப்படியானால் கலப்படம் இல்லை தம்பி, உங்கள் ஜெல் உண்மையைத்தான் சொல்கிறது. அந்தக் கிருமியின் ரெக்ஏவுக்கு நடுவில் இன்டீன் என்ற துண்டு செருகியிருக்கிறது. முதலில் உருவாகும் புரதத்தில் 790 அமினோ அமிலங்கள். அதில் 440 இன்டீனுடையவை. புரதம் உருவான பிறகு இன்டீன் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறி, இரு முனைகளையும் ஒட்டிவிடும். மிஞ்சுவது 350, அதாவது ஈ.கோலையின் 353க்கு மிக அருகில். வெட்டு நடப்பது புரதத்தில் என்பதால் டி.என்.ஏ.வில் முழு நீளமும் தெரியும். 790ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் பட்டை வரும்.

இது ஈ.கோலைக்குள்ளும் நடக்கும் என்று 1992இலேயே காட்டிவிட்டார்கள். 85 கிலோடால்ட்டன் (புரத எடையின் அலகு) புரதம் 38 ரெக்ஏ, 47 இன்டீன் என்று பிரியும். தொழுநோய்க் கிருமியின் ரெக்ஏவிலும் ஓர் இன்டீன் உண்டு, ஆனால் வேறோர் இடத்தில், வேறு அளவில். வரிசைகளை ஒப்பிடும்போது அந்த 440ஐ எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் பெரிய ஓட்டையைப் பார்த்து மறுபடியும் பயப்படுவீர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனியப்பா குழுவினர் இந்த ரெக்ஏவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்; தேடிப் படியுங்கள்.

கோணல்ஜெல்:
அக்கா, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன். டிஎச்5ஆல்பா என்ற ஈ.கோலை வகையில்தான் குளோன் செய்கிறேன். மரபணு வேலை செய்கிறதா என்று அதிலேயே பார்க்கலாமா?

இரவுப்பணி:
பார்க்கலாம். அதற்குச் சொந்த ரெக்ஏ வேலை செய்யாது, அதனால் புற ஊதா பட்டால் சீக்கிரம் செத்துவிடும்; நீங்கள் போட்ட ரெக்ஏ வேலை செய்தால் பிழைக்கும். பாதித் தட்டை அட்டையால் மூடி விளக்கைக் காட்டுங்கள். பிறகு தட்டை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி பழுதைச் சரிசெய்து உங்களை ஏமாற்றிவிடும்.

பெட்ரிமூடி:
ஒரு திருத்தம். டிஎச்5ஆல்பாவில் ரெக்ஏ இல்லாமல் இல்லை. 160ஆம் இடத்தில் கிளைசின் ஆஸ்பார்ட்டிக் அமிலமாக மாறிய ஊனப் புரதம் அங்கே இருக்கிறது. நீங்கள் போடும் ரெக்ஏவோடு அதுவும் கலந்து நிற்கலாம். மரபணுவையே நீக்கிய வகை கிடைத்தால் அதில் செய்யுங்கள். இன்னொன்று, மைக்கோபாக்டீரியாவில் மட்எஸ் தேடாதீர்கள். அங்கே மட்எஸ், மட்எல் இரண்டுமே கிடையாது; அந்த வேலையை நியூக்எஸ் என்ற வேறொரு புரதம் செய்வதாக 2017இல்தான் தெரியவந்தது. பிரைமருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கோணல்ஜெல்:
போன செவ்வாய்க்கிழமையே கட்டிவிட்டேன், ஐயா.