புதுப்பிப்பு: கினபாத்தாங்கான் ஆற்றுப் படகுப் பயணம், சபா

போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவின் சண்டாக்கான் நகரில் தங்கிக்கொண்டு கினபாத்தாங்கான் மழைக்காட்டை ஒரே நாளில் படகில் பார்த்துவர இயலுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சென்று வந்துவிட்டேன். இயலும், ஆனால் பிற்பகல் படகையே தேர்ந்தெடுங்கள்.

போர்னியோவில் மட்டுமே வாழும் நீள்மூக்குக் குரங்குகள் பகலில் காட்டுக்குள் இரை தேடிவிட்டு, மாலையில் உறங்குவதற்காக ஆற்றோர மரங்களுக்குத் திரும்புகின்றன. வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்திப் படகைக் கரையோரமாக மிதக்கவிட்டபோது, கத்தரிக்காய்போல் மூக்கு தொங்கும் பெரிய ஆண் குரங்கொன்று, எங்களைப் பொருட்படுத்தாமல் தளிர்களைப் பறித்து மென்றுகொண்டிருந்தது. அதன் பெருத்த வயிறு கொழுப்பால் ஆனதன்று. இலைகளை நுண்ணுயிர்களின் துணையோடு நொதிக்கவைக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பையே அதற்குக் காரணம். இருவாசிப் பறவைகளையும் கண்டோம்.

விலங்குகள் இவ்வளவு எளிதாகத் தென்படுவதற்கு ஒரு சங்கடமான காரணமும் உண்டு. 2005-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு பல இடங்களில் ஆற்றையொட்டிய குறுகிய பட்டையாகவே எஞ்சியிருக்கிறது. அதற்குப் பின்னால் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். சண்டாக்கானிலிருந்து படகு ஏறும் சுக்காவ் கிராமத்துக்குச் செல்லும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான சாலைப் பயணத்திலும் பெரும்பாலும் அவற்றையே பார்த்தோம்.

யானை வருமா என்று கேட்டவருக்கு: எங்களுக்கு வரவில்லை, அதற்கு உறுதி சொல்லும் பயண முகவரை நம்ப வேண்டாம். முதலைகள் உள்ள ஆறு என்பதால் குழந்தைகளைப் படகின் நடுவில் அமர்த்துங்கள். மழையங்கி கட்டாயம் தேவை.