கிளாஸ்டன்பரி சேறு: போய் மாட்டியவர்கள் சொல்வது

இங்கிலாந்தின் சாமர்செட்டில், வொர்த்தி பண்ணையில் ஜூன் கடைசியில் நடக்கும் கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்கு நான் முதல்முறை போனது 2005இல். வியாழக்கிழமை நல்ல வெயில். சரிவுக்கு அடியில் சமதளமாக ஓர் இடம் கிடைத்தது, கூடாரம் போட்டோம். அவ்வளவு நல்ல இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் இடிச்சத்தம் கேட்டு எழுந்தால் முதுகுக்குக் கீழே காற்றுமெத்தை ஆடுகிறது. வெளியே முழங்காலுக்கு மேல் காபி நிறத்தில் தண்ணீர். எங்களுக்கும் கீழே இருந்த கூடாரங்களில் உச்சி மட்டும்தான் தெரிந்தது. மேடை நிகழ்ச்சிகள் தொடங்கவே பல மணி நேரம் தாமதம். என் பொருட்களில் மிஞ்சியது கழுத்தில் தொங்கிய பையும் ஒற்றை பூட்ஸும். எஞ்சிய மூன்று நாளும் யாரோ கொடுத்த பூட்ஸில், இரண்டு அளவு பெரியது, தத்தித் தத்தி நடந்தேன்.

*

நீங்கள் பார்த்தது வெள்ளம். சேறு வேறு. அதைப் பார்க்க 2016இல் வந்திருக்க வேண்டும்!

புதன்கிழமை வாசல் திறப்பதற்கு முன்பே நிலம் நனைந்து ஊறிப்போயிருந்தது. கார் நிறுத்தும் வயல்களில் சக்கரம் புதைந்ததால் சாலையில் மணிக்கணக்கில் வரிசை. நாங்கள் ஒன்பது மணி நேரம் காரிலேயே இருந்தோம். உள்ளே லாரி லாரியாக மரச்சில்லுகளைக் கொட்டினார்கள். கொட்டியதை எல்லாம் சேறு விழுங்கிவிட்டது. 1970இல் விழாவைத் தொடங்கிய மைக்கேல் ஈவிஸே இத்தனை ஆண்டில் இவ்வளவு சேற்றைப் பார்த்ததில்லை என்றார்.

மழை பெய்யும்போது நடந்துவிடலாம், கூழ் மாதிரிதான் இருக்கும். மழை விட்டு, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் மிதித்து, கொஞ்சம் வெயிலும் பட்டால்தான் வினை. அது களிமண் பூமி. வெல்லப்பாகு பதம் வந்ததும் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். பக்கத்து மேடைக்குப் போக ஒரு மணி நேரம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகிறது என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை வந்தபோது நான் கழிவறை வரிசையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரே அமைதி. சனிக்கிழமை பாடகி அடேலைக் கேட்ட நேரத்தில் மட்டும் கால் வலி தெரியவில்லை.

*

அதே 2016தான் நானும். மேலே சொன்ன பாகு பதத்தில் மாட்டினால் நேராக மேலே இழுக்காதீர்கள். குதிகாலை மெல்லத் தூக்கி, காலை இப்படியும் அப்படியும் ஆட்டி, அடியில் காற்று புகுந்ததும் எடுங்கள். சின்ன வயதில் நாற்றங்காலில் கற்றது. ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “காசு கொடுத்தா சேத்துல இறங்குன?”

*

விழா முடிந்தபின் குப்பை பொறுக்கும் தன்னார்வலராக 2007இல் இருந்தேன். அதுவும் நல்ல சேற்று வருஷம். பாடகர்கள் யார் என்பதே மறந்துவிட்டது. சேற்றோடு ஒட்டிக்கிடந்த கூடாரங்களை இழுத்தது தோளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நனைந்த கூடாரம் கனம் என்று அப்படியே விட்டுப் போய்விடுகிறார்கள். இதில் எனக்குக் கோபம்தான். அது பால்மாடுகள் மேயும் பண்ணை. கூடாரத்தை அடித்து நிறுத்திய உலோக முளை ஒன்று புல்லில் கிடந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? புல் தேறட்டும் என்றுதான் சில ஆண்டுகள் விழாவே வைக்காமல் விடுகிறார்கள், 2018 அப்படித்தான் போனது.

*

நான் போனது 2019. பயந்துபோய் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு இரண்டு, பிளாஸ்டிக் பைகள் ஒரு கட்டு எல்லாம் சுமந்து போனேன். கடும் வெயில், ஒரே புழுதி. கால் வெந்துவிட்டது.

*

2005காரன் மறுபடியும். அந்த ஒற்றை பூட்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது, இடது கால். ஜோடியை அந்தப் பக்கம் குப்பை பொறுக்கியவர் யாராவது பார்த்தீர்களா? பச்சை நிறம், அளவு எட்டு.