டெல்டா எஃப்/எஃப் 1000 சதவீதம் தாண்டுகிறது, சில செல்களில் தலைகீழ்: அவசர உதவி

காலைப்பனி: வணக்கம். சுண்டெலியின் பார்வைப் புறணியில் எடுத்த கால்சியம் பதிவு (செல் இயங்கும்போது ஒளிர்வதைப் படமெடுப்பது). பல செல்களில் டெல்டா எஃப்/எஃப் (ஒளி மாற்றத்தை பேஸ்லைனால், அதாவது அடிநிலை வெளிச்சத்தால் வகுத்தது) 1000 சதவீதத்துக்கு மேல் போகிறது. இன்னும் சில, எலி ஓடும்போது கீழே இறங்குகின்றன. வீடியோவில் பார்த்தால் அதே செல்கள் பளிச்சென்று எரிகின்றன! நாளை லேப் மீட்டிங்.

லேசர்திரி: எந்த இண்டிகேட்டர் (கால்சியத்தைக் காட்டும் ஒளிரும் பொருள்)? நொடிக்கு எத்தனை ஃபிரேம்? எந்த மென்பொருள்?

நூல்கண்டு: ஓடும்போதுதானே? அசைவுதான். மூளை மேலும் கீழும் நகர்ந்தால் செல் ஃபோகஸை விட்டுப் போய்விடும். பக்கவாட்டு அசைவைத் திருத்தினாலும் இது போகாது. எனக்கு ஒரு மாதம் இதிலேயே போயிற்று.

லேசர்திரி: ஃபோகஸ் போனால் மங்கத்தானே வேண்டும்? எரிகிறது என்கிறாரே.

காலைப்பனி: மன்னிக்கவும். இண்டிகேட்டர் ஜிகேம்ப்6எஃப், டூ-ஃபோட்டான் மைக்ராஸ்கோப், 30 ஹெர்ட்ஸ், 4 பிளேன் (வெவ்வேறு ஆழத் தளங்கள்). மென்பொருள் சூட்2பி.

மூத்தவன்42: 30 மொத்தக் கணக்கு. பிளேனுக்கு 7.5தான். அதை மென்பொருளில் கொடுத்தீர்களா? முதல் வாரத்திலேயே படித்திருக்க வேண்டியது இதெல்லாம். டெல்டா எஃப் எதற்கு, ஸ்பைக் ஃபைலை (செல்லின் மின்துடிப்புகளை மென்பொருள் கணித்துத் தரும் கோப்பு) எடுத்து நேராக எண்ணுங்கள்.

நூல்கண்டு: அது ஸ்பைக் எண்ணிக்கை இல்லை ஐயா. அதில் வரும் 2 என்பது இரண்டு ஸ்பைக் ஆகாது.

மூத்தவன்42: ஒரே செல்லுக்குள் ஒப்பிட அது போதும். வருடக்கணக்காகச் செய்கிறேன்.

நூல்கண்டு: ஒப்பிடலாம். எண்ணுங்கள் என்றீர்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

லேசர்திரி: இதற்குத் தனி இழை போடுங்கள். காலைப்பனி, நியூரோபிலை (செல்லைச் சுற்றியுள்ள இழைகளின் வெளிச்சம்) 0.7 ஆல் பெருக்கிக் கழித்த பிறகா வகுக்கிறீர்கள்? ஒரு செல்லின் எண்களை அப்படியே போடுங்கள்.

காலைப்பனி: ஆமாம். செல்லின் வெளிச்சம் 212, நியூரோபில் 296.

லேசர்திரி: அங்கேதான் சிக்கல். 296 × 0.7 = 207.2. கழித்தால் பேஸ்லைன் வெறும் 4.8. செல் 60 ஏறினாலே 1250 சதவீதம் வந்துவிடும். நியூரோபில் 303ஐத் தாண்டினால் பேஸ்லைன் மைனஸுக்குப் போகும். மைனஸால் வகுத்தால் ஏற்றம் இறக்கமாகத்தான் தெரியும். நியூரோபிலை முழுதாகக் கழிக்காதீர்கள். அதன் மீடியனிலிருந்து (நடு மதிப்பிலிருந்து) எவ்வளவு விலகுகிறதோ, அதை மட்டும் 0.7 ஆல் பெருக்கிக் கழியுங்கள். பேஸ்லைன் 212லேயே நிற்கும். அதே ஏற்றம் 28 சதவீதம். ஆனால் அந்த 212இல் நியூரோபில் வெளிச்சமும் கலந்திருக்கிறது, செல்லுக்குச் செல் உயரத்தை ஒப்பிட வேண்டாம். அப்புறம், ஷட்டரை மூடிக் கொஞ்சம் ஃபிரேம் எடுத்து இருட்டு அளவைப் பாருங்கள். ஆஃப்செட்டை (அந்த இருட்டு அளவை) அதிகமாகக் கழித்திருந்தாலும் பேஸ்லைன் இப்படித் தரைக்கு வந்துவிடும்.

காலைப்பனி: சரியாகிவிட்டது. தலைகீழாக இருந்த 31 செல்களும் நிமிர்ந்துவிட்டன. ஃபிரேம் எண்ணும் 30 என்றுதான் கொடுத்திருந்தேன், 7.5 போட்டு மறுபடி ஓட்டுகிறேன். நன்றி.

நூல்கண்டு: இருந்தாலும் அசைவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.