மனசு உறுத்தலைன்னா தப்பே இல்லையா?

கேள்வி (ஏற்காடு):
மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) வகுப்புக்கு ஒரு உதாரணம் வைத்திருக்கிறேன். காபிப் பழம் எடை போடும் மேஸ்திரி, சாக்கு எடை என்று மூட்டைக்கு 1 கிலோ கழிக்கிறார். வெறும் சாக்கு 600 கிராம்தான். கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு மூட்டைக்கு 400 கிராம் நஷ்டம். "காலங்காலமா வழக்கம், மனசு உறுத்தல" என்கிறார். தவறான மனச்சாட்சிக்கும் கட்டுப்பட வேண்டும் என்று இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் சொல்கிறாரே, பிறகு இவரை எப்படிக் குறை சொல்வது?

பதில் 1 (சேலம்):
உறுத்தலை மனச்சாட்சி என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். "நல்லதைச் செய், தீயதை விலக்கு" என்ற அடிப்படை அறிவு எல்லாருக்கும் உண்டு. அக்குவினாஸ் அதைச் சிந்தெரேசிஸ் என்பார், அது தவறாது. அதை இந்தச் சாக்குக்கும் இந்தக் கூலிக்கும் பொருத்திப் பகுத்தறிவு தரும் தீர்ப்பே மனச்சாட்சி. பொருத்தும்போது தவறலாம். நீங்கள் சொல்வது அவருடைய 'சும்மா தியோலாஜிகா' (இறையியல் தொகுப்பு) என்ற நூலில் இரண்டாம் பாகத்தின் முதல் பகுதி, 19-ஆம் கேள்வி, 5-ஆம் கூறு. அடுத்த கூறையும் படியுங்கள்: அலட்சியத்தால் வந்த அறியாமை குற்றத்தை நீக்காது. தராசு அவர் கையில்தானே இருக்கிறது? வெறும் சாக்கை ஒருதரம் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம்?

பதில் 2:
சந்தேகம் எந்த நாளில் வந்தது என்று வகுப்பில் கேளுங்கள். அதுவரை உண்மையிலேயே தெரியாதென்றால் பாவப்பொறுப்பு இல்லை. சந்தேகம் வந்த பிறகு, அதைத் தீர்க்காமல் அடுத்த மூட்டையில் கழிக்கக் கூடாது (சந்தேகத்தோடு செய்வது பாவம் என்ற விவிலிய வசனம், உரோமையர் 14:23, இங்கே பொருந்தும்). குற்றம் இல்லாவிட்டாலும் கணக்கு தீராது; தெரியாமல் வந்த பிறர் பொருளும் திரும்பப் போக வேண்டும். நாளைக்கு 2 மூட்டை, 6 நாள் என்றால் 4.8 கிலோவுக்கான கூலி. லாபம் தோட்டத்துக்குப் போனதால் கொடுக்க வேண்டியது தோட்டம். மேஸ்திரி கழிப்பதை நிறுத்தி, விஷயத்தை அங்கே சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இதெல்லாம் பகுத்தறிவே சொல்லிவிடுகிறதே, விசுவாசம் எதற்கு?

பதில் 1:
அதே நூலின் முதல் கேள்வியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கடவுளைப் பற்றிப் பகுத்தறிவு எட்டக்கூடியதைக்கூட, கடவுளே தெரிவிக்கும் வெளிப்பாடு இல்லாமல் சிலர் மட்டுமே, நெடுங்காலம் கழித்து, பல பிழைகளோடு கண்டடைவார்கள் என்கிறார். ஒழுக்கத்திலும் அப்படித்தான், வழக்கம் என்று ஊரே சொன்னால் அறிவு மழுங்கிவிடும். இணைச்சட்டம் 25:13 பையில் இரண்டுவித எடைக்கல் வைக்காதே என்கிறது. யாக்கோபு 5:4-இல் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காத கூலியே கூக்குரலிடுகிறது. வகுப்பில் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, ஒரு வெறும் சாக்கை எடை போட்டுக் காட்டுங்கள்.