கைரேகைக் கதவு: எங்கள் சோதனைத் திட்டத்தில் ஓட்டை இருக்கிறதா?

வணக்கம். 400 பேர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையின் 3 கதவுகளுக்குக் கைரேகைக் கருவி தேர்வு செய்ய வேண்டும். ஆப்டிகல் (ஒளியால் ரேகையைப் படமெடுப்பது) ஒன்று, கெப்பாசிடிவ் (விரலின் மின்தேக்கத்தை வைத்து ரேகையைப் படிப்பது) ஒன்று சோதனைக்கு வந்துள்ளன.

திட்டம்: 40 பேர், ஆளுக்கு 2 விரல், பதிவுக்கும் சோதனைக்கும் நடுவே 2 வாரம். பதிந்த கையோடு சோதித்தால் எந்தக் கருவியும் நல்ல பிள்ளைதான். பதியவே மறுக்கும் விரல்களைத் தனியாக எண்ணுவோம்.

குழப்பம் இங்கேதான். தவறான ஏற்பு, அதாவது வேறொருவர் விரலைப் பதிவானவருடையது என்று கருவி ஏற்பது, லட்சத்தில் 1 என்கிறார் விற்பவர். அது ஒரு விரலை ஒரு பதிவோடு ஒப்பிடும் கணக்கு. கார்டு இல்லாமல் 400 பேரின் 800 பதிவிலும் தேடினால், வெளியாளின் 125 முயற்சிக்கு ஏறக்குறைய 1 ஆகிவிடும். கார்டு காட்டியவரின் பதிவோடு மட்டும் விரலை ஒப்பிடும்படி மாற்றலாமா, வாசலில் வரிசை நீளுமா?

பிழை விகிதம் ஆயிரத்தில் 1க்குக் கீழே என்று 95% உறுதியோடு சொல்ல, ஒரு பிழையும் இல்லாத 3000 தனித்தனி முயற்சிகள் வேண்டும். 40 பேரை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னால் அவை தனித்தனி ஆகுமா?

சாயமும் ஈரமும் படிந்த விரலில் எந்த சென்சார் தாங்குகிறது? பூட்டின் ரிலேவை (பூட்டை இயக்கும் மின் சுவிட்சை) உள்பக்கமே வைக்கிறோம். வெளியே இருந்தால் கருவியைப் பிடுங்கி, பூட்டின் வகையைப் பொறுத்து வயர்களைத் தொட வைத்தோ வெட்டியோ கதவைத் திறந்துவிடலாம். தீ அலாரம் அடித்தால் பூட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு கதவு திறந்துகொள்ளும். வேறு எதையாவது விட்டுவிட்டோமா?