ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

ஈரோட்டு மகள்:
இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஈரத்துண்டைக் கையில் எடுத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று, கோட்ரைமாக்சசோல், ஏழு நாள். சரியாகத்தான் இருந்தார். பத்தாம் நாள் காய்ச்சல், கண் எரிச்சல், உதடெல்லாம் புண். அம்மை என்று அத்தை வேப்பிலை கொண்டுவந்து செருகிவிட்டார். மறுநாள் முதுகைத் துடைத்தேன். வெந்நீரில் போட்ட தக்காளி மாதிரி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் துண்டோடு வந்துவிட்டது. "துடைச்சாச்சா?" என்றார் அம்மா. ஆச்சு என்றேன். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்றார்கள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் நோயாம். பிழைத்துவிட்டார், கண்தான் வறண்டு போய்விட்டது. மணிக்கொரு முறை சொட்டு மருந்து.

கண்டக்டர் சேலம்:
எனக்கு மெட்ரோனிடசோல். எப்போது போட்டாலும் கீழுதட்டில் அதே இடத்தில் எரிந்து, அப்புறம் கறுத்த வட்டமாக நின்றுவிடும். மூன்றாவது தடவைதான் மாத்திரை மேல் சந்தேகமே வந்தது. அதற்குள் பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளை பீடி பிடிப்பாரா?" என்று கேட்டுவிட்டார்கள். ஆனால் ஈரோட்டம்மா, ஒவ்வாமை என்றால் அரை மணியில் தெரிந்துவிடும். பத்து நாள் கழித்து வந்தது வேறு ஏதோ.

பழைய நர்ஸ்:
கண்டக்டர் தம்பி, உங்கள் அரை மணிக் கணக்கு தடிப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும். இந்தத் தோல் உரியும் நோய் பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வரும், மாத்திரை தீர்ந்த பிறகும்கூட. உங்கள் உதட்டில் வருவதும் மருந்தின் வேலைதானே, அது மட்டும் எப்படி நம்பினீர்கள்? வார்டில் ஒரு பையனை, புண் விரிப்பில் ஒட்டாமலிருக்க வாழையிலை விரித்துப் படுக்க வைத்திருந்தோம். திருப்பிப் படுக்கவைக்கும்போது இலை கிழியும் சத்தம் மறக்காது. சரி, எல்லோரும் கேளுங்கள். உடம்புத் தோலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக உரிந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன், 30-ஐத் தாண்டினால் டென் (TEN) என்பார்கள், அதே நோயின் இன்னும் மோசமான வடிவம். காய்ச்சலோடு வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் நாளே கண் டாக்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஊசிக்கு முன் போடும் டெஸ்ட் டோஸ் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், பிராண்ட் பெயரை அல்ல. மெடிக்கலில் "போன தடவை வாங்கின அதே மாத்திரை" என்று கேட்டு வாங்காதீர்கள். தம்பி, நீங்களும்தான்.

கண்டக்டர் சேலம்:
நான் மெடிக்கலில்தான் வாங்கினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஈரோட்டு மகள்:
எங்கள் வார்டிலும் வாழையிலைதான் விரித்தார்கள். அம்மா இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில் தட்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார்.